அதிகாலை ஐந்து மணிக்கு என்ன தேதி?

2025 ஏப்ரல் கடைசி வாரம். விடியற்காலை ஐந்து பத்துக்குப் பெரியம்மாவிடமிருந்து போன். அந்த நேரத்தில் ஊரிலிருந்து போன் வந்தால் எடுக்கும்போதே கை நடுங்கும். நல்லவேளை, குரல் தெளிவாகத்தான் இருந்தது.

"தாயி, இன்னும் நான் போகாத வீட்டுக்கெல்லாம் டிக் விழுந்து கெடக்கு. மெத்தை வீட்டுக்கு நான் ஊத்தவே இல்ல. ஊத்திட்டேன்னு காட்டுது."

"நேத்து சரியா இருந்துச்சா பெரியம்மா?"

"நேத்து வேற மாதிரி. மொத ஏழு வீட்டுக்கும் ஊத்த ஊத்த அமுக்கிக்கிட்டே வந்தேன். பிள்ளையார் கோயிலத் தாண்டிப் பாத்தா ஏழும் அழிஞ்சு போச்சு."

அந்தப் பால் கணக்குச் செயலியைச் செய்தவள் நான். எனக்குக் கோடிங் தெரியாது. ஒரு வரிகூட எழுதியதில்லை. ஏஐ கருவி ஒன்றிடம் தமிழில் சொல்லிச் சொல்லி, மூன்று இரவுகளில் செய்து, பெரியம்மாவின் போனில் போட்டுக் கொடுத்திருந்தேன். சென்னையில் என் மேசையில் உட்கார்ந்து பத்து முறை சரிபார்த்தபோது எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஊரில், இருட்டு பிரியாத நேரத்தில், தப்பாக நடந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க ஐந்து நாள் ஆனது. கோடிங் தெரியாதவர் இந்தக் கருவிகளைக் கையில் எடுத்தால் எது கிடைக்கும், எதை நாமேதான் கொண்டுபோக வேண்டும் என்பதை அந்த ஐந்து நாளும் அதற்குப் பிந்தைய மூன்று மாதமும் எனக்குச் சொல்லிக்கொடுத்தன. இதைப் படிக்கும் யாருக்கும் அது பயன்படும் என்று நம்புகிறேன்.

காலண்டர் கட்டத்துக்குள் ஒரு கணக்கு

நான் டிசைனர். வேலை பழகியது சிவகாசியில், காலண்டர் அச்சடிக்கும் இடத்தில். ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டும். அதற்குப் பல மாதம் முன்பே எங்கள் வேலை தொடங்கிவிடும். மாதக் காலண்டரில் தேதி எண்ணைப் பெரிதாகப் போட வேண்டும் என்று நான் ஆசைப்படுவேன். "கட்டத்துல இடம் விடும்மா, பொம்பளைங்க பால் கணக்கு எங்கே எழுதுவாங்க?" என்று மூத்தவர்கள் தடுப்பார்கள். ஆறு வருடம் கழித்துச் சென்னைக்கு வந்தேன். பதினோரு வருடமாக மொபைல் செயலிகளின் திரைகளை வடிவமைக்கிறேன். எந்தப் பொத்தான் எங்கே, எழுத்து எவ்வளவு பெரிது, அமுக்கினால் அடுத்து என்ன வரும் என்பதை ஃபிக்மாவில் வரைந்து கொடுப்பேன். அதை ஓடவைப்பது இன்ஜினியர்களின் வேலை. இத்தனை வருடத்தில் நான் வரைந்த ஒன்றைக்கூட நானே ஓடவைத்ததில்லை.

பெரியம்மாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். கறவையில் இரண்டு மாடு, சினையாக ஒன்று. காலையில் பன்னிரண்டு வீட்டுக்கு ஊற்றிவிட்டு, மீதிப் பாலைப் பால்கோவா போடும் பட்டறைக்குக் கொடுத்துவிடுவார். கணக்கெல்லாம் அடுப்படிச் சுவரில் தொங்கும் சிவகாசிக் காலண்டரில். வழக்கத்துக்கு மாறாக நடந்ததை மட்டும் அந்தந்தத் தேதிக் கட்டத்தில் எழுதுவார். 'டீச் 1½' என்றால் டீச்சர் வீட்டுக்கு அன்று ஒன்றரை லிட்டர். 'கோடி 0' என்றால் கோடி வீட்டில் பால் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒன்றும் எழுதாத கட்டம் என்றால் பன்னிரண்டு வீட்டுக்கும் வழக்கப்படி ஊற்றியாயிற்று. மாறியதை மட்டும் எழுதினால் போதும் என்ற அந்த ஏற்பாடு, நான் படித்துத் தெரிந்துகொண்ட எந்த வடிவமைப்புப் பாடத்துக்கும் குறைந்ததல்ல.

இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆன பிறகு, கட்டத்துக்குள் பொடி எழுத்து எழுதுவது அவருக்குச் சிரமமாகிவிட்டது. மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்க ஒரு சாயங்காலம் முழுக்க ஆகும். "நாங்க நாலு நாள் ஊருக்குப் போயிருந்தமே" என்று யாராவது சொன்னால், கட்டம் கட்டமாக விரல் வைத்துத் தேடுவார். அதைப் பார்த்துத்தான் செய்து தருகிறேன் என்று சொன்னேன்.

சொன்னால் செய்யும் கருவிகள்

2025 பிப்ரவரியில், ஓபன்ஏஐ நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரும் டெஸ்லாவில் ஏஐ பிரிவுக்குத் தலைமை வகித்தவருமான ஆண்ட்ரே கர்பாத்தி, ஒரு புதுப் பழக்கத்துக்குப் பெயர் வைத்தார்: 'வைப் கோடிங்'. வேண்டியதைப் பேச்சு மொழியில் சொல்வது, ஏஐ எழுதித் தரும் நிரலைப் படிக்காமலே ஓட்டிப் பார்ப்பது, சரியில்லை என்றால் மறுபடி சொல்வது. அவ்வளவுதான். அந்த வருடம் முடிவதற்குள் காலின்ஸ் அகராதி அதையே 2025-இன் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது.

அந்தப் பெயர் வருவதற்கு முன்பே கருவிகள் வரிசையாக வரத் தொடங்கியிருந்தன. வெர்செல் நிறுவனத்தின் வி ஜீரோ 2023-இல் வந்தது. ரெப்லிட் ஏஜென்ட்டும் போல்ட்டும் 2024-இல். ஸ்வீடனிலிருந்து லவபிள். நான் தினமும் வேலை செய்யும் ஃபிக்மாவே 2025 மே மாதம் ஃபிக்மா மேக் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. எல்லாவற்றுக்கும் தோற்றம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பக்கம் பேசுவதற்கான பெட்டி, இன்னொரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும் செயலி. இங்கே எழுதினால் அங்கே மாறும்.

நிரல் எழுதத் தெரியாதவரும் கணினியிடம் வேலை வாங்க வேண்டும் என்ற ஆசை பழையது. 1959-இல் வடிவமைக்கத் தொடங்கிய கோபால் மொழி, ஆங்கில வாக்கியம்போல் படிக்கக் கிடைக்க வேண்டும் என்று உருவானது. 1979-இல் வந்த விசிகால்க், கட்டத்தில் எண்ணைப் போட்டால் தானே கூட்டித் தந்தது. 1987-இல் ஆப்பிள் நிறுவனத்தின் பில் அட்கின்சன் ஹைப்பர்கார்டைத் தந்தார். 1991-இல் விஷுவல் பேசிக் வந்தது. ஒவ்வொன்றும் வாசலைக் கொஞ்சம் அகலமாகத் திறந்தது. ஆனாலும் அந்தக் கருவியின் பாஷையை நாம் கற்றுக்கொண்டுதான் உள்ளே போக முடிந்தது. இப்போது நம் பாஷையை அது புரிந்துகொள்கிறது. நான் தமிழிலேயே எழுதினேன். ஒரு இடத்திலும் அது தடுமாறவில்லை.

எப்படிச் செய்கிறது? பல ஆண்டுகளாக மனிதர்கள் எழுதிப் பொதுவில் வைத்த நிரல்களையும் எழுத்துகளையும் ஏராளமாகப் படித்துப் பழகிய மொழி மாதிரி (லாங்குவேஜ் மாடல்) அது. இந்த இடத்தில் இப்படிச் சொன்னால் அடுத்து வர வாய்ப்புள்ளது எது என்று கணித்துக் கணித்து எழுதுகிறது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். நாம் சொல்லாமல் விட்ட இடத்தை அது காலியாக விடுவது அபூர்வம். தான் அதிகம் பார்த்த வழக்கத்தை எடுத்து அங்கே நிரப்பிவிடும். அந்த வழக்கம் யாருடைய வழக்கம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் இரவு

நான் முதலில் எழுதியது இரண்டு வரி. 'வீடுகளுக்குப் பால் ஊற்றுபவருக்கு ஒரு கணக்குச் செயலி வேண்டும். தினசரி அளவு, மாதக் கூட்டல் இரண்டும் தெரிய வேண்டும்.'

சில நிமிடத்தில் ஒரு முழுச் செயலி என் முன்னால் ஓடியது. நான் எழுந்து நின்றுவிட்டேன். பதினேழு வருடம் படம் வரைந்து கொடுத்தவளுக்கு, பொத்தானை அமுக்கியதும் உண்மையாகவே கணக்கு மாறுவதைப் பார்ப்பது சாதாரண விஷயமில்லை. கண் கலங்கியது.

பிறகு உட்கார்ந்து, டிசைனராகப் பார்த்தேன். மேலே ஊதாவும் நீலமும் கலந்த பட்டை. விலைக்கு முன்னால் டாலர் குறி. புது வாடிக்கையாளரைச் சேர்க்க முதல் பெயர், கடைசிப் பெயர், மின்னஞ்சல் முகவரி. பெரியம்மாவுக்கு வாடிக்கையாளர் என்றால் டீச்சர் வீடு, கோடி வீடு, மெத்தை வீடு, தெப்பக்குளத்து வீடு. அங்கே கடைசிப் பெயருக்கு வேலையே இல்லை. பால் ஊற்றியதைப் பதிவதற்கான பொத்தானில் 'விநியோகத்தைச் சமர்ப்பிக்கவும்' என்று இருந்தது. இலக்கணம் சரிதான். ஆனால் எந்த வாயும் அப்படிச் சொல்லாது. பெரியம்மாவுக்குப் போன் செய்து, "ஒரு வீட்டுக்கு ஊத்தி முடிச்சதும் மனசுக்குள்ள என்ன சொல்லிக்குவீங்க?" என்று கேட்டேன்.

"என்ன சொல்லுவேன்? ஊத்தியாச்சுன்னு அடுத்த வீட்டுக்குப் போவேன்."

பொத்தானின் பெயர் 'ஊத்தியாச்சு' ஆனது.

இன்னொன்று நுணுக்கமானது. ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்தில் ஒரு வட்டம், அதற்குள் பெயரின் முதல் எழுத்து. டீச்சர் வீட்டுக்கு 'டீ' வர வேண்டும். 'ட' என்று வந்தது. மெத்தை வீட்டுக்கு 'ம'. கோடி வீட்டுக்கு 'க'. நமக்கு 'மெ' என்பது ஒரே எழுத்து. ஆனால் கணினி யூனிகோடில் அதை இரண்டாக வைத்திருக்கிறது: முதலில் 'ம', அடுத்து கொம்பு. திரையில் கொம்பு முன்னால் தெரிந்தாலும் உள்ளே அது பின்னால்தான் நிற்கிறது. பெயரின் முதல் குறியை வெட்டி எடு என்றால் 'ம' மட்டும் வரும். கொம்பு பின்னாலேயே நின்றுவிடும். ஆங்கிலத்தில் ஒரு குறி என்றால் ஒரு எழுத்து என்பதால் அங்கே இந்தச் சிக்கல் தலைகாட்டாது. எழுத்தாகப் பார்த்து வெட்டும் வசதி இன்றைய உலாவிகளில் இருக்கத்தான் செய்கிறது. 'தமிழ் எழுத்தை உயிர்க்குறியோடு முழுதாக எடு' என்று நான் சொன்னதும் கருவி அதைப் பயன்படுத்திச் சரிசெய்தது. தெரியாமல் செய்ததல்ல. கேட்காமல் விட்டதால் வழக்கத்தைப் போட்டிருந்தது.

பிள்ளையார் கோயில் வாசலில்

இப்போது அந்த டிக் விவகாரம். பெரியம்மா சொன்னதை அப்படியே கருவியிடம் எழுதினேன். 'மன்னிக்கவும், பிழையைச் சரிசெய்துவிட்டேன்' என்று பதில் வந்தது. மறுநாள் காலையும் அதேதான். மறுபடி சொன்னேன், மறுபடி சரிசெய்துவிட்டதாகச் சொன்னது. மூன்றாவது முறை அது எதையோ மாற்றப்போய், மாதக் கூட்டலும் குழம்பியது. நல்லவேளையாகப் பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி இருந்தது; திரும்பினேன். காரணம் தெரியாமல் 'சரிசெய்' என்று நான் சொல்லச் சொல்ல, அதுவும் காரணம் தெரியாமலே எதையாவது மாற்றிக்கொண்டிருக்கிறது என்று அன்றைக்குப் புரிந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினேன். அடுத்த நாள் காலை நாலே முக்காலுக்குப் பெரியம்மாவோடு கிளம்பினேன். ஒரு கையில் தூக்குவாளி, இன்னொரு கையில் லிட்டரும் அரை லிட்டருமாக இரண்டு அளவைகள், இடுப்பில் செருகிய போன். தெருவிளக்கு ஒன்றுவிட்டு ஒன்று எரிந்தது. ஒரு வீட்டு வாசலில் ஊற்றுவார், சேலை முந்தானையில் விரலைத் துடைப்பார், போனை எடுத்து அமுக்குவார். ஈர விரலுக்குத் திரை சரியாக மசியவில்லை. இரண்டு மூன்று தரம் அமுக்க வேண்டியிருந்தது. இருட்டில் திரையின் வெள்ளை வெளிச்சம் அவர் கண்ணைக் கூசவைத்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் பட்டியலில் மேலும் கீழும் தேடினார். கருவி வீடுகளை அகர வரிசையில் அடுக்கியிருந்தது. பெரியம்மா போவது தெரு வரிசையில். இவற்றில் ஒன்றுகூட என் சென்னை மேசையில் எனக்குத் தெரியவில்லை.

ஏழாவது வீட்டில் ஊற்றி அமுக்கியதும் போனைப் பார்த்தேன். மணி 5:26. ஏழு டிக்கும் இருந்தன. பிள்ளையார் கோயில் வாசலில் பெரியம்மா வாளியை வைத்துவிட்டு ஒரு நிமிடம் கும்பிட்டார். செயலியை மறுபடி திறந்தேன். மணி 5:32. ஏழும் இல்லை.

ஐந்தரை. அந்த எண்ணை நான் தினமும் பார்க்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு மீட்டிங் என்றால் அழைப்பில் நம் நேரத்துக்குப் பக்கத்தில் '+5:30' என்று இருக்கும். இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 டிகிரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. பதினைந்து டிகிரிக்கு ஒரு மணி என்றால், ஐந்தரை மணி நேரம். உலகப் பொது நேரமான யுடிசியைவிட அவ்வளவு நாம் முன்னால் இருக்கிறோம். இங்கே விடியற்காலை ஐந்து மணி என்றால் அந்தக் கணக்கில் இன்னும் முந்தின நாள் இரவு பதினொன்றரை. நம் ஐந்தரை மணிக்குத்தான் அங்கே தேதி மாறும்.

செயலி தேதியை அந்தப் பொது நேரத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. ஐந்தரைக்கு முன்னால் ஊற்றிய ஏழு வீடும் நேற்றைய தேதியில் விழுந்தன. ஐந்தரை ஆனதும் 'இன்று' என்ற புதுப் பக்கம் திறந்து, டிக் எல்லாம் மறைந்ததுபோல் தெரிந்தது. ஐந்தரைக்குப் பிறகு ஊற்றிய ஐந்து வீடு சரியான தேதியில் பதிந்தன. ஆனால் மறுநாள் ஐந்து மணிக்குத் திறந்தால் செயலிக்கு இன்னும் அதே தேதிதான். ஆகவே போகாத ஐந்து வீட்டுக்கும் டிக் தயாராக நின்றது. பெரியம்மா போனில் சொன்ன இரண்டும் ஒரே தப்பின் இரண்டு முகங்கள். நான் சோதித்ததெல்லாம் காலை பதினோரு மணிக்கும் ராத்திரி பத்து மணிக்கும். அந்த நேரங்களில் இரண்டு தேதியும் ஒன்றாகவே இருக்கும்.

கோயில் படியிலேயே உட்கார்ந்து எழுதினேன்: 'தேதியை எல்லா இடத்திலும் இந்திய நேரப்படி மட்டும் கணக்கிடு. விடியற்காலை ஐந்து மணிக்குச் செய்யும் பதிவு அன்றைய தேதியில் விழ வேண்டும்.' ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட்டது. அதற்கப்புறம் அந்தத் தப்பு ஒரு நாள்கூட வரவில்லை.

இதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்ல விரும்புகிறேன். அந்த மாற்றத்தைச் செய்ய என்னால் முடியாது. கருவியால் நொடியில் முடியும். ஆனால் பெரியம்மாவின் நாள் நாலே முக்காலுக்குத் தொடங்குகிறது என்று கருவிக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு ஆள் அந்தத் தெருவில் நடக்க வேண்டும்.

அன்று மதியம் ஒரு தாளில் அவருடைய காலையை முதலிலிருந்து கடைசிவரை எழுதினேன். எந்த வீட்டுக்கு அடுத்து எந்த வீடு, எங்கே இருட்டு, எங்கே சிக்னல் கிடைக்காது, யார் ராத்திரியே சொல்லிவைப்பார்கள், யார் வாசலில் வைத்துச் சொல்வார்கள். அந்தத் தாளை அப்படியே கருவிக்குக் கொடுத்தேன். தெரு வரிசை வந்தது. திரை கறுப்பானது. ஒரு வீட்டுக்கு ஒரு பெரிய கட்டம். ஈர விரலுக்கும் தப்பாது. '0.5' போய் 'அரை' வந்தது, '1.5' போய் 'ஒன்றரை' வந்தது. மாறியதை மட்டும் குறித்தால் போதும், மற்றதெல்லாம் வழக்கம் என்ற காலண்டர் ஏற்பாட்டையே திரைக்குள்ளும் கொண்டுவந்தேன். அது புத்திசாலித்தனமான யோசனை என்று கருவி என்னைப் பாராட்டியது. அந்த யோசனை பெரியம்மாவுடையது.

விலை ஏறிய மாதம்

ஜூன் 15 முதல் பெரியம்மா லிட்டருக்கு இரண்டு ரூபாய் ஏற்றினார். செயலியில் புது விலையைப் போட்டதும், ஜூன் முதல் தேதியிலிருந்தே எல்லா நாளுக்கும் விலை ஏறிவிட்டது. போதாததற்கு மே மாதக் கணக்கும் மாறிவிட்டது. வீட்டுக்கு ஒரே ஒரு விலை என்று கருவி வைத்திருந்தது. மொத்த லிட்டரை அந்த விலையால் பெருக்கியது. எழுதி வைத்த பழைய கணக்கு பின்னால் வரும் எதனாலும் மாறக் கூடாது என்பது பேரேடு எழுதும் எவருக்கும் தெரிந்த நியாயம். நான் அதைச் சொல்லவில்லை. 'ஒவ்வொரு பதிவிலும் அன்றைய விலையையும் சேர்த்து எழுதி வை' என்று சொன்னதும் சரியானது.

அன்றிலிருந்து மாதக் கடைசியில் ஒரு வீட்டுக் கணக்கையாவது கையால் போட்டு, செயலியின் கணக்கோடு ஒப்பிடுகிறேன். திரையில் அச்சடித்ததுபோல் அழகாக நிற்கும் தொகை சரியாகத்தான் இருக்கும் என்று நம் மனது நம்பிவிடுகிறது. அழகாக நிற்கவைப்பதுதான் என் தொழில் என்பதால், அதை அப்படியே நம்பக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும்.

பூட்டு

இனிச் சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள்.

பெரியம்மாவுக்கு மின்னஞ்சல் எல்லாம் ஒத்துவராது என்று உள்நுழையும் பக்கத்தையே முதலில் நீக்கச் சொல்லியிருந்தேன். அதனால் கணக்கு முழுவதும் அவர் போனின் உலாவிக்குள் மட்டும் இருந்தது. மே மாதத்தில் ஒருநாள், போனில் இடம் இல்லை என்று பேரன் உலாவியைச் சுத்தம் செய்தான். கணக்கெல்லாம் போய்விட்டது. பெரியம்மா பதறவில்லை. அவர் காலண்டரில் எழுதுவதை நிறுத்தவே இல்லை. அதைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினேன்.

பிறகு இணையத்தில் உள்ள தரவுத்தளத்துக்கு மாற்றினேன். கருவியே இணைத்துக் கொடுத்தது. எல்லாம் நன்றாக ஓடியது. ஜூலையில் என்னோடு வேலை செய்யும் இன்ஜினியர் ஒருவரிடம் காட்டினேன். அவர் தன் லேப்டாப்பில் இருந்தபடி, எந்தக் கடவுச்சொல்லும் இல்லாமல், பன்னிரண்டு வீட்டின் போன் எண்களையும் யார் எவ்வளவு பாக்கி என்பதையும் இரண்டு நிமிடத்தில் திரையில் கொண்டுவந்தார். எனக்கு உடம்பு சில்லிட்டது.

அவர் விளக்கியது இது. இந்த வகைத் தரவுத்தளங்களில் செயலியின் பக்கத்திலேயே ஒரு பொதுச் சாவி இருக்கும். தேடினால் யார் கைக்கும் கிடைக்கும். அதன் அமைப்பே அப்படித்தான். எந்த வரியை யார் பார்க்கலாம், யார் மாற்றலாம் என்ற பூட்டைத் தரவுத்தளத்தின் ஒவ்வொரு அட்டவணையிலும் தனியாகப் போட வேண்டும். என் செயலியில் அந்தப் பூட்டு போடப்படவில்லை. செயலி ஓடுவதற்குப் பூட்டு தேவையில்லை என்பதால், திரையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

எனக்கு மட்டும் நடந்ததல்ல இது. 2025 மே மாதம், இப்படிப்பட்ட ஒரு கருவியில் செய்த 1,645 செயலிகளைச் சோதித்ததில் 170-இல் இதே கதவு திறந்திருந்தது தெரியவந்தது. அதே ஜூலையில், அமெரிக்கத் தொழில்முனைவர் ஒருவர் எதையும் மாற்றாதே என்று சொல்லிவைத்திருந்தும், ஏஐ ஏஜென்ட் ஒன்று அவருடைய ஓடிக்கொண்டிருந்த தரவுத்தளத்தையே அழித்துவிட்டது.

அன்று இரவே பூட்டுகளைப் போட்டோம். போனில் ஒருமுறை உள்நுழைந்தால் போதும், தினமும் கேட்காது என்று அமைத்தோம். ராத்திரிதோறும் ஒரு நகல் தனியாகச் சேமிக்கவும் ஏற்பாடு செய்தோம்.

உங்கள் வீட்டு மளிகைப் பட்டியல், பிள்ளைக்கு வாய்ப்பாடு பழகும் விளையாட்டு, கல்யாண வேலைகளின் குறிப்பு: இவற்றை இந்தக் கருவிகளில் தாராளமாகச் செய்து பாருங்கள். ஆசையோடு செய்து பாருங்கள். ஆனால் இன்னொருவரின் போன் எண்ணோ பணமோ உடல்நிலையோ அதற்குள் போகிறது என்றால், விஷயம் தெரிந்த ஒருவர் பார்க்காமல் வெளியே விடாதீர்கள். மெத்தை வீட்டுக்காரர் தன் எண்ணைக் கொடுத்தது பெரியம்மாவை நம்பி. அந்த நம்பிக்கையில் பாதி இப்போது என் பொறுப்பு.

கணக்கில் வராத பால்

ஜூலை கடைசியில் ஊருக்குப் போயிருந்தேன். ஆடிப்பூரம் முடிந்திருந்தது. ஆண்டாள் கோயில் தேர் பார்த்த களைப்பில் வீடே தூங்கிக்கொண்டிருந்தது. பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து, ஒரு கையில் காலண்டர், ஒரு கையில் போன் என்று மாதக் கணக்கை ஒத்துப் பார்த்தார். பதினோரு வீடு பைசா பிசகாமல் ஒத்துப்போயிற்று. டீச்சர் வீட்டில் மட்டும் செயலி ஐம்பத்திரண்டு ரூபாய் கூடுதலாகக் காட்டியது.

மறுபடி ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்தேன். தேதி தேதியாகப் பார்த்தோம். தேரன்று டீச்சர் வீட்டுக்கு வழக்கத்துக்கு மேல் ஒரு லிட்டர் பதிவாகியிருந்தது. காலண்டரிலும் அது இருந்தது. ஆனால் பெரியம்மா அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தார்.

"இந்த வட்டம் என்ன பெரியம்மா?"

"தேருக்கு வந்தவங்களுக்குப் பாயசம் வைக்கணும்னு டீச்சரம்மா கேட்டாங்க. ஆடிப்பூரத்தன்னிக்கு ஊத்துற பாலுக்குக் காசு வாங்குவமா? எங்க அத்தை காலத்துலேருந்தே அது கணக்குல வராது."

இருபது வருடமாக அந்தக் காலண்டரைப் பார்த்திருக்கிறேன். அந்த வட்டத்தை அன்றைக்குத்தான் கவனித்தேன். நான் போட்டுக் கொடுத்த கட்டங்களில், எண்ணுக்குப் பக்கத்தில் விட்டிருந்த இடத்தில், எத்தனை வீட்டில் எத்தனை வட்டங்கள் இப்படி இருந்திருக்குமோ!

லேப்டாப்பைத் திறந்தேன். 'சில நாள் ஊற்றும் பாலுக்குக் காசு கிடையாது. அளவு எழுதப்பட வேண்டும். தொகையில் சேரக் கூடாது. அப்படிப்பட்ட பதிவைச் சுற்றி ஒரு வட்டம் தெரிய வேண்டும்' என்று எழுதினேன். சில நொடிகளில் திரையில் அந்த வட்டம் வந்தது. பெரியம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குனிந்து பார்த்தார்.

"ஆங், இப்பச் சரி" என்றார்.